குண்டுப் பலகை

ஜெர்வினை அடக்கம் செய்து இருபத்தாறு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவனுடைய அப்பா எலியேசர், முன்னறை மேஜைமேல் ஒரு பலகையைப் போட்டுக் கோலிக்குண்டு உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சத்தம் கேட்டு ஜெர்வினின் அம்மா பாக்கியவதி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். பதினொரு வயதுப் பிள்ளை. ரோட்டுக்கு ஓடிய ஒரு குண்டை எடுக்கப் போய்த்தான் செங்கல் லாரியில் மாட்டினான். அந்தச் சனியனை வீட்டுக்குள் கொண்டுவர இந்த மனிதருக்கு எப்படி மனசு வந்தது?

“மில் சங்கு ஊதி ஒரு மணி நேரமாச்சு. இன்னைக்கும் வேலைக்குப் போகாம இதுதான் சோலியா?”

“டெல்பினுக்காகத்தான் செய்யுதேன்” என்றார் எலியேசர், நிமிராமல்.

டெல்பின் மகள். ஒன்பது வயது. அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டு வரச்சொல்லி பாக்கியவதிதான் அவளை அன்றைக்கு அனுப்பினாள். போனவள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டாள். அடக்கத்தன்று மூடிய வலது கை, இன்றுவரை விரியவில்லை. சோறும் இடது கையால்தான். அன்றோடு பேச்சும் நின்றுவிட்டது.

அம்பாசமுத்திரத்து டாக்டர் விரல்விரலாகத் தடவிப் பார்த்தார். “எலும்புலயும் கோளாறு இல்ல, நரம்புலயும் இல்ல. மனசுல உள்ளது. இப்படியே விட்டா விரல் மடங்கினபடியே இறுகிப் போயிரும். அவளா விரிக்கணும்” என்று சொல்லி அனுப்பினார்.

அன்று தொடங்கியதுதான் இந்தப் பலகை வேலை.

முதலில் குண்டைத் தள்ள ஒரு ஸ்பிரிங் வைத்தார். மூடிய கையாலேயே அதை அமுக்க முடிந்தது, பிடுங்கி எறிந்தார். பிறகு பலகையைச் சாய்த்து வைத்தார். குண்டு தானாக ஓடிக் குழியில் விழுந்தது, அதுவும் உதவவில்லை. கடைசியில் பலகையைச் சமமாக்கி, ஐந்து குழி தோண்டி, மில்லில் கழித்துப் போட்ட, நூல் சுற்றும் மரபாபின்களைத் துண்டு துண்டாக வெட்டிக் குழிகளுக்கு முன்னால் தடுப்பாக நிறுத்தினார். முஷ்டியால் தட்டினால் குண்டு மோதித் திரும்பி வந்துவிடும். ஆள்காட்டி விரலை நீட்டிச் சுண்டினால் மட்டுமே இடுக்கில் நுழைந்து குழிக்குப் போகும்.

பாக்கியவதியின் அண்ணன் இஸ்ரவேல், பதினோரு மணி பஸ்ஸில் ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்து இறங்கினார். பலகையைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“என்ன மாப்ள, பஸ்ஸுலயே பேசிக்கிடுதாங்க. மகன் போன வீட்டுல தகப்பன் குண்டு ஆடுதாராம்.”

“பேசட்டும் மச்சான்.”

“கை விரியணும்னா ஒரு கேரம் போர்டு வாங்கிப் போடும். அதுலயும் சுண்டத்தான வேணும்?”

எலியேசர் உளியைக் கீழே வைத்தார். “கேரம் ஆகாது. குண்டுதான் வேணும்.”

“கோட்டிக்காரத்தனமால்லா இருக்கு.”

“அவரு அப்படித்தாண்ணே” என்றாள் பாக்கியவதி. “அன்னைக்கு அங்கன விளையாண்டது அஞ்சாறு பிள்ளைய. ரோட்டுப் பக்கமா குண்ட அடிச்சது எந்தப் பிள்ளைன்னு நான் வீடுவீடாப் போய்க் கேட்டேன். ஒண்ணும் வாயத் தொறக்கல. இவரு போய் ரெண்டு அதட்டு அதட்டுனா சொல்லாதா? கேக்கவே மாட்டேங்காரு. பெத்த மகன் போயிருக்கான், ரோஷம் வேண்டாம்?”

எலியேசர் ஒரு தடுப்பை அசைத்துப் பார்த்தார். இந்தப் பேச்சுக்கு அவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

“நீங்க கேக்காட்டாலும் ஆண்டவர் கேப்பாரு. அந்தக் குண்டச் சுண்டுன கை விளங்காமத்தான் போகும்.”

இருபத்தாறு நாளாகக் காலையிலும் மாலையிலும் ஜெபத்துக்குப் பதிலாக அவள் இதைத்தான் சொல்லிவந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள், பெற்ற வயிறு எரியத்தானே செய்யும் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

“ஏட்டி டெல்பின், இங்கன வா” என்று எலியேசர் கூப்பிட்டார். “அப்பா முதல்ல போடுதேன்.”

அவர் சுண்டிய குண்டு தடுப்பில் மோதி அவரிடமே திரும்பி வந்தது. இன்னொன்று சுண்டினார். அதுவும் வந்தது.

“பாத்தியா, நாலு நாளாச் செதுக்குனவனுக்கே சொன்னபடி கேக்க மாட்டேங்கு.”

டெல்பினுடைய உதட்டோரம் லேசாக அசைந்தது. மூடிய கையைப் பைய மேஜைமேல் வைத்தாள். எலியேசர் அவள் முன்னால் ஒரு குண்டை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஆள்காட்டி விரல் மட்டும் பாதிக்குமேல் நீண்டது. நகம் பட்டு, குண்டு ஓரங்குலம் உருண்டது.

இஸ்ரவேல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்தார்.

பாக்கியவதி விரலைப் பார்க்கவில்லை. உருண்ட குண்டைத்தான் பார்த்தாள். “நிப்பாட்டுங்க. இந்தச் சத்தத்த என்னால கேக்க முடியல. என் பிள்ளையக் கொன்ன கை அழுகிப் போகட்டும்.”

நீண்ட விரல் சட்டென்று உள்ளே மடங்கிக்கொண்டது.

எலியேசர் எழுந்து மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். அடுக்களையைத் தாண்டிப் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அவருடைய குரல் உயரவில்லை.

“கல்லறைக் குழியில மண்ணள்ளிப் போடச் சொன்னப்ப அவ கை விரியல. ஏம்ட்டின்னு குனிஞ்சு கேட்டேன். எங் காதுல ஒண்ணு சொன்னா. அம்மாட்ட சொல்லிராதியன்னும் சொன்னா. இன்னைக்கு வரைக்கும் நான் சொல்லல.”

“அப்படி என்ன சொன்னா?”

“பாக்கியம், விளங்காமப் போகணும்னு நீ ரெண்டு நேரமும் வையுத கையத்தான் நான் விரிக்கப் பாக்கேன்.”