நாற்காலியில் போட்ட பணம்

"நெல்லுல போடு, பூவராகவா. கண்ண மூடிக்கினு போடு!" என்றார் அரிசி மண்டி ஆதிகேசவன்.

"கண்ணத் தொறந்து பார்த்தா நெல்லு இருக்கும், வெலை இருக்காது," என்றார் ஜவுளிக்கடை துளசிராமன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிர் டீக்கடை. 1967 தேர்தல் நெருங்கிவிட்ட நேரம். ரயில்வேயில் ரிடையராகி மொத்தப் பணத்தையும் கையில் வாங்கியிருந்த பூவராகவன், இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பொறையை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, ஆளுக்கு ஒண்ணு சொல்லிப் பேஜார் பண்றீங்க? இனிமே சம்பளம் கெடையாது. இந்தப் பணமும் போச்சுன்னா, நானும் செங்கம்மாளும் நாஷ்டாவுக்கு உங்க ஊட்டு வாசல்லதான் வந்து நிக்கணும்."

"அதான் சொல்றேன். எங்க ஆளுங்கட்சி மறுபடி வரும். நெல்லு வெலை ஏறும்," என்றார் ஆதிகேசவன்.

"எங்க கட்சி வந்து அரிசி வெலையப் படுக்க வைக்கும்," என்றார் துளசிராமன். "இவன் மண்டியில எலிகூடத் தங்காது. நீ பட்டணத்து மில்லு ஷேர் வாங்கு."

"இவங்க வந்தா மில்லுல தெனம் ஸ்ட்ரைக்கு. அந்த ஷேர் பேப்பர்ல போண்டா மடிக்கலாம்!"

பூவராகவன் பெருமூச்சு விட்டார். "யாரு ஜெயிப்பாங்கன்னு உங்களுக்கே நிச்சயமாத் தெரியல போலக்கீது."

"தெரியலயா? நாங்க தோத்தா என் மீசைய எடுத்துடறேன்!" என்றார் ஆதிகேசவன்.

"வெறும் மீசையா?" பூவராகவன் முகம் வாடியது. "உன் கட்சி மேல உனக்கு அவ்ளோதான் நம்பிக்கை."

"மொட்டையே அடிச்சுக்கறேன், போ!"

துளசிராமன் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டார். "நாங்க தோத்தா மொட்டையோட புருவத்தையும் எடுக்கறேன்!"

"நீங்க ரெண்டு பேரும் சரி. உங்க பின்னாடி கொடி புடிச்சுக்கினு சுத்தறாங்களே, அவங்க?"

"எங்க ஆளுங்க அத்தினி பேரும் மொட்டை!"

"எங்க ஊர்வலமே மொட்டைடா!"

பெஞ்சில் இருந்தவர்கள், நின்றவர்கள், ஆரம்பாக்கம் ரயிலுக்குப் போகவேண்டியவர்கள் எல்லோரும் ரயிலை விட்டுவிட்டுப் பந்தயத்தில் குதித்தார்கள். டீ மாஸ்டர் பாய்லர்மேல் சத்தியம் செய்தார். பூவராகவன் ஒவ்வொரு தலையையும் ஆசையோடு பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மனைவி செங்கம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"பொட்டியில பணத்தக் காணோம். இன்னாய்யா பண்ணே? நெல்லா, ஷேரா?"

"நாற்காலியில போட்டுட்டேன்."

"அடப்பாவி! எலெக்‌ஷன்ல நிக்கறவனுக்கா தூக்கிக் குடுத்தே? எந்தக் கட்சி நாற்காலி?"

"எந்தக் கட்சி ஜெயிச்சாலும் நம்ம நாற்காலி காலியா இருக்காது, செங்கம்மா."

"அப்படி ஒரு நாற்காலி டெல்லியிலயே கெடையாது! பணம் மட்டும் திரும்பி வரல, நான் எங்க அம்மா ஊட்டுக்கு ஊத்துக்கோட்டை போறேன். உனக்குக் கஞ்சி ஊத்த ஆளு இருக்காது!"

தேர்தல் முடிவு வந்தது. ஆளுங்கட்சி தோற்றது. வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. செங்கம்மாள் வாசலுக்கு வந்து பார்த்தாள். விடிந்ததுமே வெளியே போன மனுஷன் எங்கே? துணிமூட்டையைக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, கடைசியாக ஒருமுறை நன்றாகத் திட்டிவிட்டுப் போகலாம் என்று ஸ்டேஷன் தெருவுக்கு வந்தாள்.

அங்கே ஒரே கூட்டம். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு முதல் ஆளாக நின்றவர் ஆதிகேசவன். பக்கத்து வரிசையில் மாலையும் கழுத்துமாகத் துளசிராமன், தாடையைத் தடவியபடி.

கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்த்த செங்கம்மாளின் இடுப்பிலிருந்து மூட்டை நழுவியது.

பளபளவென்று சுழலும் புது நாற்காலிகள், கத்தியைத் தீட்டியபடி கூட்டாளி நாகமுத்து. 'பூவராகவன் – நாகமுத்து சலூன்' என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே, கல்லாவில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார் அவள் புருஷன்: "தள்ளாதீங்க நைனா! தோத்தவங்க மொட்டைக்கு இந்தப் பக்கம், ஜெயிச்சவங்க ஊர்வலத்துக்கு ஷேவிங் அந்தப் பக்கம்!"