ஆறு சதவீதம்

விஜயராஜ் இறந்த மூன்றாம் நாள் நண்பகல். கரிசல் புழுதி படிந்த ஜன்னல் வெளிச்சத்தில், அவர் படத்தின் முன் அகல் எரிகிறது. பக்கத்தில் அவருடைய மூடிய லேப்டாப். அதன் ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு அணைந்து அணைந்து எரிகிறது. பதினாறு நாளும் விளக்கு அணையக் கூடாது என்று மனைவி பூங்கொடி அகலைப் போலவே அந்த லேப்டாப்பையும் யாரையும் தொடவிடுவதில்லை. பழுது பார்க்க அவளே வரவழைத்த இசக்கிதுரை மெல்ல அதைத் திறக்கிறான். திரையில், விஜயராஜ் மகளுக்கு எழுதிப் பாதியில் விட்ட கடிதம். கடைசிச் சொல்லருகே சிறு கோடு துடிக்கிறது. “அண்ணாச்சி அணைக்காம மூடியிருக்காவ, அதான் தூங்குது மதினி. தூங்குததுக்கும் கரண்டு வேணும். பேட்டரி ஆறு சதவீதந்தான் இருக்கு. சார்ஜர் கருகிட்டு, புதுசு வர ரெண்டு நாளாவும். அதுக்குள்ள தீந்தா எல்லாம் போயிரும். கடுதாசிய மட்டும் சேவ் பண்ணிரட்டா?” “அவிய விட்டபடியே இருக்கணும்.” “அப்ப ஹைபர்னேட்தான். விட்ட எடத்த அப்படியே வட்டுல எழுதி வச்சிட்டு முழுசா அணைஞ்சிரும். பெறவு கரண்டே வேண்டாம்.” “இந்தப் பச்ச வெளக்கு?” “அதுவும் அணைஞ்சிரும்.” பூங்கொடி தலையசைக்கிறாள். வட்டு கரகரவென்று ஓடி நிற்கிறது. பச்சைப் பொட்டு அணைகிறது, மறுபடி எரியவில்லை. அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, நிறைந்திருக்கும் அகலில் ஊற்றுகிறாள். “வழியுது மதினி” என்று இசக்கிதுரை லேப்டாப்பைத் தள்ளி வைக்கிறான். அவள் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள்.