சர்க்கரைப் பொங்கல்

சர்க்கரை பார்க்கும் மீட்டர் நானூறு காட்டியதும் நீலாம்பாள் கணவரை முறைத்தாள்.

"கோயில்ல சர்க்கரைப் பொங்கல் சாப்டேளா?"

"அண்ணாமலையார் சத்தியமா தொடலைடி" என்றார் சோமசேகர குருக்கள்.

"போன பிரதோஷத்துக்கும் இதே சத்தியம்தான். அப்புறம் பாத்தா வேஷ்டியில நெய்க்கறை!"

"அன்னிக்குச் சாப்டேன். இன்னிக்கு இல்லை. நம்பேன், நீலா."

அவர் குரலில் இருந்த சோர்வு அவளுக்குக் குற்ற உணர்வாகவே பட்டது. வழக்கத்தைவிட அதிகமாக இன்சுலின் போட்டுவிட்டாள். சற்று நேரத்தில் அவர் வியர்த்துச் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "லேப்ல பார்த்தா சர்க்கரை இருபதுதாம்மா இருக்கு. இன்னிக்கு வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"மருந்து இல்லை. தெம்பா இருக்கட்டும்னு காலம்பற நான்தான் ஒரு கிளினிக்ல வைட்டமின் சி டிரிப் ஏத்தச் சொன்னேன்."

"அது அளவுக்கு மீறி ஏறினா, சில மீட்டர்ல சர்க்கரை ஜாஸ்தியா இருக்கிற மாதிரி காட்டும். அவருக்குச் சர்க்கரை ஏறவே இல்லம்மா. இன்சுலின்ல ரொம்ப இறங்கிப்போய் இப்ப மூளை பாதிச்சிருக்கு. கண் திறப்பாரான்னு சொல்ல முடியாது."

நீலாம்பாள் உள்ளே போய்க் கணவரின் காதருகே குனிந்தாள்.

"ஏன்னா, நம்பறேன். நீங்க சாப்பிடலை."

அவர் அசையவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.