மஞ்சள் பொட்டு

அந்தப் பழைய கார் மறுபடியும் எங்கள் பட்டறைக்கே வந்தது. மட்கார்டுகளையும் பானட்டையும் புதிதாகப் பொருத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி, இருபுறமும் ஒன்றுபோல. போல்ட்டை இறுக்கியதும் அடையாளமாக அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைப்போம். அது என் அண்ணன் கொண்டுவந்த வழக்கம்.

பதினோரு வருடத்துக்கு முன்பு இதே காரில் நான் பொட்டுகளை முதலில் வைத்தேன். அப்புறம் இறுக்கிக்கொள்ளலாம் என்று சாப்பிடப் போனேன். பொட்டை நம்பி அண்ணன் வண்டியை ஓட்டிப் பார்க்க எடுத்துப்போனார். பானட் பிய்த்துக்கொண்டு கண்ணாடியில் அறைந்தது. அண்ணன் பிழைக்கவில்லை. "அவர்தான் இறுக்காம விட்டுட்டார்" என்று எல்லோரிடமும் சொன்னேன். செத்தவர் மறுத்துப் பேசவா போகிறார்.

இன்று இடதுபக்கக் கீலில் ஒரு போல்ட் மட்டும் பாக்கி. அங்கே இடைவெளி ஆறு மில்லிமீட்டரில் நின்று அடம்பிடித்தது. இறுக்காமல், பொட்டும் வைக்காமல் அப்படியே விட்டு, பட்டறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

திரும்பியபோது கார்க்காரர் வாசலில் காத்திருந்தார். கதவைத் திறந்ததும் உள்ளே போய் பானட்டைத் தடவினார்.

"நல்லா உக்காந்திருக்கு. உங்க வேலை சுத்தம். உங்க அண்ணன் மாதிரி அரைகுறை கிடையாது."

நான் தலையாட்டினேன்.

அவர் போன பிறகு அளந்தேன். நான்கு மில்லிமீட்டர். பானட்டைத் தூக்கி அந்தப் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டேன். முழு பலத்தையும் கொடுத்தும் அசையவில்லை. அதன் தலையில் மஞ்சள் பொட்டு இருந்தது. தொட்டதும் என் விரலில் ஒட்டிக்கொண்டது.