கிணற்றடி இசக்கி

சர்வேயர் தேவாவைப் பார்த்ததுமே கடையம் நம்பிராஜனுக்குச் சந்தேகம் தட்டியது. கேஸ் குழாய் பதிக்க வயலை அளக்க வந்தவன் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் உள்ளே ஏதோ இருக்கிறது.

"அண்ணாச்சி, நாட்டுல கேஸ் தேவை கூடிக்கிட்டே போகுது. குழாய் பூமிக்கடியில போயிரும். மண்ணை மூடிட்டா மேல நீங்க பழையபடி நெல்லு போடலாம்."

"மொதல்ல அப்படித்தான் சொல்லுவீய. பொறவு வயலே எங்களுதும்பீய. இங்கன கடப்பாரை எறங்காது. அங்கன பாரு, கெணத்தடியில இசக்கியம்மன்!"

மஞ்சள் பூசி அரளி மாலை போட்ட கல் ஒன்று நின்றது.

தேவா உற்றுப் பார்த்தான். "இது யாருக்குக் குலசாமி?"

நம்முடையது என்றால் சாமியை நகர்த்த உடனே சம்மதக் கையெழுத்துக் கேட்பான். நம்பிராஜன் உஷாரானார்.

"எங்க பாட்டன் காலத்துல ஒரு குடும்பம் கும்பிட்டுச்சு. அவுக ஊரை விட்டே போயிட்டாவ."

தேவா செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்ததும் போனை எடுத்தான்.

"அப்பா! மூணு தலைமுறையா தேடுன நம்ம குலசாமி கெடைச்சிட்டா! தாத்தா சொன்ன மாதிரியே கடையத்துல, கெணத்தடியில! எழுபது குடும்பத்தையும் கூட்டிட்டு வாங்க. இங்கனயே கோயிலைக் கட்டிருவோம்!"



அழுக்குத்துணி மூட்டையோடு நம்பிராஜனின் மனைவி குருவம்மாள் வந்து நின்றாள்.

"ஏங்க, நான் துணி தொவைக்கிற கல்லைக் காணலையே, பாத்தீங்களா?"