ரெண்டு டப்பா

"மறுபடியும் தவிட்டு ரொட்டியா? நான் என்ன குதிரையாண்ணே?"

டயர் கடையின் பின்னறையில் டப்பாவைத் திறந்ததுமே தம்பிக்கு முகம் கோணிக்கொண்டது. தவிட்டு ரொட்டி, வேகவைத்த பீன்ஸ், தோல் சீவாத கேரட்.

"நார்ச்சத்துடா. அப்பா குடல் கேன்சர்ல போனது மறந்துபோச்சா?" என்றான் அண்ணன்.

"இதைத் தின்னா வராதுன்னு எழுதிக் குடுப்பியா?"

"யாரும் குடுக்க மாட்டாங்க. வர்ற வாய்ப்பு குறையலாம்னு டாக்டர் சொல்றார். குறைஞ்சா கசக்குதா? இந்தா, என் டப்பாவையும் நீயே காலி பண்ணு."

"உனக்கு?"

"பசிக்கல."

கையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் நழுவிவிட்டான். ஒரு மாதமாக இதே கூத்து. இன்று தம்பி விடவில்லை. பின்னாலேயே போனான்.

தெருமுனை பேக்கரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஊருக்கெல்லாம் தவிடு ஓதும் மகான், பஞ்சு போன்ற வெள்ளை பன்னை டீயில் முக்கி முக்கி விழுங்கிக்கொண்டிருந்தார்!

தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் நின்றபடியே அண்ணிக்குப் போன் போட்டான்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் வண்டவாளத்தைக் கேளுங்க. எனக்கு ரெண்டு டப்பா வைக்கோல். தொரைக்கு வெள்ளை பன்!"

"பன்னா? முழுசா சாப்பிட்டாரா தம்பி?"

"ரெண்டாவது ஓடுது."

"அப்பாடா!"

"என்ன அண்ணி, நாலு வார்த்தை திட்டுவீங்கன்னு பார்த்தா..."

அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். அவருக்கும் குடல்ல கட்டி. நல்லவேளை, வேற எங்கயும் பரவல. அடுத்த வாரம் ஆபரேஷன். வழி சுருங்கிக் கிடக்கு, அதுவரைக்கும் நார்ச்சத்து பக்கமே போகக் கூடாதாம். தோல், தவிடு எதுவும் ஆகாது. அந்த பன்னும் இறங்காம பாதி நாள் பட்டினி."

தம்பி கண்ணாடி வழியாக மறுபடி உள்ளே பார்த்தான்.

"அப்ப தினமும் ஏன் அண்ணி ரெண்டு டப்பா கட்டறீங்க?"

"நான் எங்க கட்டறேன்? விடியறதுக்கு முன்னால எழுந்து அவரேதான் கட்டறார். எனக்கு வந்தது அவனுக்கு வரக் கூடாதுங்கறார்."

கதவு திறந்தது. சட்டையில் ஒட்டிய பன் தூளை அவசரமாகத் தட்டிவிட்டபடி அண்ணன் வெளியே வந்தான். தம்பியைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தான்.

"இங்க என்னடா பண்றே? டப்பா ரெண்டும் காலியா?"

"காலி பண்ணத்தான் போறேன்" என்றான் தம்பி. "நாளைக்கு இன்னும் ரெண்டு கேரட் சேர்த்து வைண்ணே. பத்த மாட்டேங்குது."