பிளீச்சிங் வாடை

சலவை இயந்திரம் சுற்றி முடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. ஆவி படிந்த குழல்விளக்கின் கீழே, விடுதியின் சலவைக்காரி கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, மகள் பள்ளியில் படிக்கும் நாவலைப் புரட்டுகிறாள். அம்மாவோடு அயல்நாட்டுக்குப் பிழைக்க வந்த சின்னப் பெண்ணின் கதை. அந்த அம்மாவுக்கும் இவளைப் போலவே விடுதியில் துணி துவைக்கிற வேலை. கதையில் அந்தப் பெண் அழுக்கு விரிப்புகளைக் கட்டிப்பிடித்து, முகத்தைப் புதைத்து, யார் எவரென்று தெரியாதவர்களின் கனவுகளை முகர்ந்து பார்க்கிறாள். இவள் வேலையில் அப்படியெல்லாம் முடியாது. அறையிலிருந்து வருகிற விரிப்பை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து, உடம்பில் படாமல் தள்ளி நின்று உதற வேண்டும். இன்று காலை உதறியதில் வெட்டிய நகங்களும் காய்ந்த வாந்தியும் விழுந்தன. போன வாரம் ஒரு பல்செட்.

"அழுக்கு விரிப்பை மோந்து பாக்குதாம் இந்தப் பொண்ணு. இதை எழுதின மகராசி ஒரு தலையணை உறையாவது துவைச்சிருப்பாளா? அத்தனையும் புளுகு."

பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிறவள் சிரிக்கிறாள். "கதைதானேக்கா, விடு."

அடுத்த பக்கத்தில் அந்தப் பெண், அம்மாவோடு போகும் பேருந்தில் தோழிகள் ஏறியதும், அம்மாவின் கையில் அடிக்கிற பிளீச்சிங் வாடைக்கு வெட்கப்பட்டு, எழுந்துபோய் வேறு இருக்கையில் உட்காருகிறாள். அந்த வரிகளுக்குப் பக்கத்தில் பென்சில் கோடு. மகளின் குண்டுக் கையெழுத்தில், 'இது மட்டும் நிஜம்' என்று எழுதியிருக்கிறது.

இயந்திரம் நிற்கிறது.

"அப்புறம் அந்தப் பொண்ணு என்னதான் ஆனா?" என்று கேட்கிறாள் இஸ்திரி போடுகிறவள்.

"என்ன ஆவா. படிச்சுப் பெரிய ஆளாயிருப்பா" என்று சொல்லிக்கொண்டே, புத்தகத்தை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து, உடம்பில் படாமல் பைக்குள் போடுகிறாள்.